தெருவுக்குள் படகு வந்த கிறிஸ்துமஸ்!
தூத்துக்குடிக்கு வெள்ளம் சொன்ன பாடம்

தூத்துக்குடி, டிச. 24-

தூத்துக்குடி கடைத்தெருவில் இன்று கால் வைக்க இடமில்லை. காகித நட்சத்திரம், கேக், மக்ரூன் என்று வியாபாரம் சூடு பிடித்து விட்டது. பனிமய மாதா பேராலயத்தில் இன்று நள்ளிரவு திருப்பலி. பனியே விழாத ஊரில் பனிமய மாதா! இப்போதுள்ள கோவில் 1713-ம் ஆண்டு கோவில்.

சரி... நட்சத்திரமும் கேக்கும் மட்டும்தானா கிறிஸ்துமஸ்?

இறங்கி வந்தவர்

கிறிஸ்தவர்களைக் கேட்டால் ஒரே வார்த்தை சொல்வார்கள்: இம்மானுவேல். 'கடவுள் நம்மோடு இருக்கிறார்' என்று அர்த்தம். கடவுள் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவில்லை. மனுஷனாகப் பிறந்து கீழே இறங்கி வந்தார் என்பதுதான் அவர்கள் நம்பிக்கை.

முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இதற்குப் பெரிய பிரசங்கம் தேவையில்லை. கரையில் நின்று கூப்பிட்டால் முத்து வருமா? மூச்சை அடக்கிக்கொண்டு குளியாள் கடலுக்கு அடியில் இறங்கணும்! 1961-ஓடு இங்கே முத்துக்குளிப்பு நின்று போச்சு. ஆனால் இறங்கினால்தான் கிடைக்கும் என்பது இந்தக் கரைக்குத் தெரியும்.

1542-ல் இந்தக் கடற்கரைக்கு வந்த சவேரியாரும் அதைத்தான் செய்தார். ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார். தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்.

சத்திரத்தில் இடமில்லை

இயேசு பிறந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். குடிமதிப்புக்குப் பெயர் கொடுக்க வெளியூர் போன தம்பதி. மனைவி நிறைமாத கர்ப்பிணி. சத்திரத்தில் இடமில்லை. பிள்ளையை மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள். சேதி முதலில் போனது அரண்மனைக்கு அல்ல. ராத்திரி கண் விழித்து ஆட்டுக்குக் காவல் இருந்த மேய்ப்பர்களுக்கு!

இதைத் தூத்துக்குடி மாவட்டம் நேரிலேயே பார்த்தது. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மறுநாள் காலை வரை காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டி மீட்டர் மழை! மாவட்டத்தில் ஒரு வருஷம் பூராவும் பெய்கிற மழையே அவ்வளவு கிடையாது.

திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போச்சு. சுமார் 800 பயணிகள். போக வழியில்லை, தங்க இடமில்லை. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் ஊரிலும் வெள்ளம்தான். ஆனாலும் சோறு பொங்கிப் போட்டார்கள். வந்தவன் என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் விசாரிக்கவில்லை.

தூத்துக்குடி நகரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர். கடலில் ஓட வேண்டிய மீனவர் படகுகள் தெருவுக்குள் வந்தன. தவித்து நின்றவர்களை ஏற்றிக்கொண்டு போயின.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ்

சரியாக ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ். எத்தனையோ வீடுகளில் சேறு வழித்தே முடியவில்லை. குடில் எங்கே, புதுத்துணி எங்கே? ஆடம்பரம் குறைந்து போன பண்டிகைதான். ஆனால் அர்த்தம் குறையவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அடுத்தவன் வீட்டு வாசலில் போய் நின்றவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமா? இந்துவும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார். 'கடவுள் நம்மோடு' என்பதற்கு இதைவிட விளக்கம் வேணுமா?

கரண்டு போனால் நட்சத்திரம் அணைந்துவிடும். கேக்கும் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். கஷ்டப்படுகிறவன் பக்கத்தில் இறங்கிப் போய் நிற்பது ஒன்றுதான் மிச்சம்.

நாளைக் காலையில் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போகும். பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பாமல், இந்த வருஷம் நாமே ஒரு எட்டு போய் வந்தால் என்ன?