உங்களுக்குத் தெரியுமா? பழைய வரைபடமும் அதன் நகலும்

● ப்ளூபிரிண்டின் நீலம் இரும்பு தந்த நீலம். 1842-இல் இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை அது. இரும்பு உப்புகள் பூசிய தாளின்மேல் மூல வரைபடத்தை விரித்து வெயில் காட்டி, தண்ணீரில் அலசுவார்கள். வெயில் பட்ட இடமெல்லாம் நீலம், கோடுகள் மட்டும் வெள்ளை.

● வெளிச்சத்தில் வெளுத்த அந்த நீலம், இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும்! காரம் பட்டால்தான் போச்சு. பழைய தாள்களின் அமிலத்தை முறிக்கக் காரம் சேர்த்த உறைகளில் போட்டு வைப்பது வழக்கம். மற்ற தாள்களுக்கு நல்லது செய்யும் அந்த உறையே ப்ளூபிரிண்டுக்கு எமன்.

● அந்தக் காலப் பொறியாளர்கள் வரைந்த டிரேசிங் துணி, கஞ்சி ஏற்றி மெருகிட்ட மெல்லிய துணி. தண்ணீர் பட்டால் கஞ்சியோடு கோடும் போய்விடும். வேலை முடிந்த வரைபடத்தை அலசிக் கைக்குட்டையாக்கிக்கொண்டவர்களும் உண்டு. தூசி தட்டுகிறேன் என்று ஈரத்துணியோடு கிளம்பிவிடாதீர்கள்.

● சினிமாவில் பழஞ்சுவடியைத் தொடுபவர் கட்டாயம் வெள்ளைக் கையுறை மாட்டியிருப்பார். பெரிய நூலகங்கள் பலவும் தாளுக்கு அதை வேண்டாம் என்கின்றன. உறை போட்ட விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது, ஓரம் கிழிந்துவிடும். கழுவித் துடைத்த வெறுங்கையே மேல். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் மட்டும் கையுறை அவசியம்.

● செல்போனில் படம் எடுக்கிறீர்களா? ஃபிளாஷை அணையுங்கள். பின்பக்க எழுத்து ஊடே தெரிந்தால், தாளுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளைச் செருகுங்கள், மாயம்போல் மறையும். வரைபடம் என்றால் பக்கத்தில் ஓர் அளவுகோலும் படத்தில் விழட்டும். ஓலைச்சுவடிக்கு ஒரு பக்கமிருந்து தாழ்வாக வெளிச்சம் விழுந்தால், மை போன கீறல்கூட நிழல்கட்டித் தெரியும்.

● ஆர்க்கிமிடீஸின் நூலைச் சுமந்த தோல் ஏடுகளைச் சுரண்டி, 13-ஆம் நூற்றாண்டில் அதன்மேல் பிரார்த்தனை எழுதிவிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டில் யாரோ சில பக்கங்களில் போலி ஓவியமும் தீட்டினார்கள். அத்தனைக்கும் அடியில் இருந்த மையின் இரும்பை எக்ஸ்-ரே காட்டிக்கொடுத்தது.

● ஜெராக்ஸ் பிறந்ததே வரைபட நகல் தொல்லையால்தான். நியூயார்க்கில் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்த செஸ்டர் கார்ல்சனுக்கு, நகல்கள் போதாமல் திண்டாடுவதே பிழைப்பாக இருந்தது. 1938 அக்டோபர் 22 அன்று, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, அன்றைய தேதியையும் 'அஸ்டோரியா' என்ற பேட்டைப் பெயரையும் நகலெடுத்தார். அது கடைகண்ணிக்கு வரும் இயந்திரமாக 1959 ஆயிற்று.

● 2013-இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினியாளர், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42. நகலில் மூன்றுமே 14.13! கோப்பைச் சுருக்க, ஒரே மாதிரி தெரியும் துண்டுகளை ஒன்றாகக் கருதி ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பதித்துவிட்டது மென்பொருள். மங்கலான நகல் என்றால் சந்தேகம் வரும்; இதுவோ பளிச்சென்ற பொய். நிறுவனம் பின்னர் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. அதற்குள் ஸ்கேன் எடுத்தாயிற்று என்று மூலத்தைக் கிழித்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ!