குப்பை பிரிக்கும் பெண்டிர்

பெங்களூரையடுத்த ஹெப்பகோடியில் ஆலைகளும் குடியிருப்புகளும் பெருகின; குப்பையும் பெருகிற்று. இந்நகர்ப்புறத்தில் அதனைப் பொறுக்கித் தரம் பிரிப்போருள் பெண்களே மிகுதி. தமிழ் பேசுவோரும் உளர். தராசும் வண்டியும் காயலான் கடையுமோ பெரும்பாலும் ஆடவர் வசம். பொருள் கைமாறுந்தோறும் விலை ஏறினும், முதலில் குனிந்தெடுத்தவளுக்குக் கிட்டுவது சொற்பமே.

1976-இல் சம ஊதியச் சட்டம் பிறந்தது. பின்னர் அது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் அடங்கியது. எனினும் அது முதலாளியிடம் கூலி பெறுவோருக்கே உரியது; பொறுக்கியதை விற்பவளுக்கு முதலாளி ஏது? சங்கமும் அடையாள அட்டையுமே அவளுக்கு அரண். பெங்களூர் மாநகராட்சி 2011-இல் அவ்வட்டையை வழங்கத் தொடங்கியது. பின்னர் உலர்கழிவு நிலையங்களை நடத்தும் பொறுப்பும் பெண்கள் சிலருக்குக் கிட்டியது. அங்கே தராசு அவர்கள் கையில்.

நேயர்களே, மக்காத குப்பையைத் தனியே பிரித்தளிப்பது நாம் அவர்களுக்குச் செய்யத்தக்க முதல் உதவி.