முதல் கேமரா வாங்கும் முன் மண்டகப்பட்டுக்குப் போய் வாருங்கள்

முதல் கேமரா வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: எதைப் படம் எடுக்கப் போகிறோம், அங்கே வெளிச்சம் எப்படி இருக்கும்? இதற்கு விடை கிடைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். செஞ்சி வட்டாரத்தை வைத்தே இதைப் பார்க்கலாம். குகைக் கோயில், மலைக்கோட்டை, இரவுத் திருவிழா என்று கேமராவுக்கு மூன்று விதமான சோதனைகள் இங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் பக்கம் இருக்கிறது மண்டகப்பட்டு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து அமைத்த கோயில் அது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் எடுப்பித்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. முகப்பின் இரு ஓரங்களிலும் வாயிற்காவலர் சிற்பங்கள். உள்ளே கனத்த தூண்கள், பின்சுவரில் மூன்று கருவறைகள். வெளியே பாறை மீது வெயில் கொளுத்தும்போது உள்ளே கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும். எந்தக் கேமராவும் திணறும் இடம் இது. அதனாலேயே கற்றுக்கொள்ள நல்ல இடம்.

முதலில் போன் போதும்

முதல் தடவை கையில் இருக்கும் போனோடு போங்கள். குகை, கோட்டை, திருவிழா மூன்றையும் எடுங்கள். வீட்டுக்கு வந்து, சரியாக வராத படங்களை மட்டும் தனியே பிரித்து வையுங்கள். இருட்டால் கெட்டவை, தூரத்தால் கெட்டவை, ஆட்கள் அசைந்ததால் கெட்டவை என்று மூன்று வகையாகும். எந்த வகை அதிகமோ அதற்குத்தான் பணம் செலவிட வேண்டும். மூன்றுமே குறைவாக இருந்தால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம்.

கேமராவில் என்ன பார்க்க வேண்டும்

வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லுதான் சென்சார். அது பெரிதாக இருந்தால் இருட்டிலும் படம் புள்ளி புள்ளியாக உடையாது. தொடங்குபவர்களுக்கு ஏற்றது ஏபிஎஸ்-சி என்ற அளவு. ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ. இருக்கும், போன் சென்சாரைவிடப் பல மடங்கு பெரிது. 36 × 24 மி.மீ. கொண்ட ஃபுல் ஃபிரேம் இன்னும் நல்லதுதான். ஆனால் அதற்கேற்ற லென்ஸ்கள் கனமும் விலையும் கூடியவை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையின் செங்குத்தான படிகளில் தோளில் தொங்கும் ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும்.

மெகாபிக்சல் கணக்கில் ஏமாற வேண்டாம். 24 மெகாபிக்சல் என்றால் 6000 × 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 20 அங்குல அகலத்துக்குத் தெளிவான படம் கிடைக்கும். அதற்கு மேல் வீட்டுச் சுவரில் மாட்ட யாருக்கும் தேவைப்படாது.

ரா ஃபைலாக, அதாவது சென்சார் வாங்கியதை அப்படியே, சேமிக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். மண்டகப்பட்டின் முகப்பை எடுக்கும்போது, வெயில் படும் பாறை வெளுத்துப் போகாதபடி அளவு வைத்து எடுங்கள். உள்ளே கறுப்பாகத் தெரியும் தூண்களைப் பிறகு கம்ப்யூட்டரில் மேலே கொண்டுவரலாம். வெளுத்துப்போன பகுதியை மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

லென்ஸ்: கல்லுக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று

கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸ் பெரும்பாலும் 18–55 மி.மீ. அல்லது அதை ஒட்டிய அளவில் இருக்கும். பலர் இதை மட்டமாக நினைக்கிறார்கள். அது சரியில்லை. 18 மி.மீ.யில் குகையின் முழு முகப்பும் அடங்கும், 55 மி.மீ.யில் காவலரின் முகம் மட்டும் நிறையும். வாங்கும்போது நடுக்கம் தாங்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அந்த வசதி ஏன் வேண்டும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். குகைக்குள் 35 மி.மீ.யில் கிட் லென்ஸ் எஃப் 4.5 அளவுக்குத்தான் திறக்கும் என்று வையுங்கள் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). ஷட்டர் வேகம் 1/8 நொடி வருகிறது. கை நடுங்கிப் படம் கலங்கும் வேகம் அது. நடுக்கம் தாங்கும் லென்ஸ் என்றால், மூச்சடக்கி எடுத்தால் தெளிவாக வரும். காரணம், கல் அசையாது. எனவே சிற்பம் மட்டுமே எடுப்பவருக்குக் கிட் லென்ஸே நெடுநாள் தாங்கும்.

ஆட்கள் அசைவார்கள். செஞ்சிக்கு அருகே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவம் நடக்கும். விளக்கொளியில் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே உங்கள் கை நடுங்காவிட்டாலும் பக்தரின் முகம் கலங்கும். எஃப் 1.8 வரை திறக்கும் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் இங்கேதான் உதவும். எஃப் 4.5-ஐவிட எஃப் 1.8 ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. 1/8 நொடி 1/50 ஆகும். ஐஎஸ்ஓ என்ற ஒளி உணர்திறனை ஒரு படி கூட்டினால் 1/100. நின்று கும்பிடும் ஒருவரைப் பிடிக்க இது போதும். இவை ஜூம் ஆகாத சிறு லென்ஸ்கள், பெரும்பாலான கம்பெனிகளில் விலையும் கைக்கு எட்டும். இரண்டாவதாக வாங்க வேண்டியது இதைத்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். திறப்பு பெரிதானால் தெளிவாக விழும் ஆழம் குறையும். 3 மீட்டர் தள்ளி நின்று 35 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்தால் சுமார் அரை மீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும். நேர் எதிரே நின்று எடுக்கும் புடைப்புச் சிற்பத்துக்கு அது போதும். முன்னும் பின்னுமாக நிற்கும் தூண் வரிசைக்குப் போதாது. அதற்கு எஃப் 8 வைத்து, கேமராவைப் பையின் மேல் தரையில் வைத்து, 2 நொடி டைமரில் எடுக்கலாம்.

தொலைவுக்கு 55–200 அல்லது 55–250 மி.மீ. லென்ஸ். கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியில் நின்று ராஜகிரியின் மதில்களை அருகே இழுக்க இது வேண்டும். வெயிலில் எடுப்பதால் அதிகம் திறக்காத, விலை குறைந்த லென்ஸே தாராளமாகப் போதும். காலையிலேயே எடுத்துவிடுங்கள். வெயில் ஏறினால் பாறைச் சூட்டில் காற்று அலைபாயும், அப்போது எவ்வளவு விலையுள்ள லென்ஸும் தெளிவு தராது.

மிக அகலமான லென்ஸ் இல்லையே என்ற கவலை வேண்டாம். 1858இல் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று அதே வேலையைக் கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் செய்யும். அகல லென்ஸில் ஒரு குறையும் உண்டு: வாயிற்காவலரை மிக நெருங்கி நின்று அகல லென்ஸில் எடுத்தால் அருகே இருக்கும் கால் பெருத்து, தலை சிறுத்துவிடும். சற்றுப் பின்னே நகர்ந்து 35 மி.மீ.யில் எடுங்கள், சிற்பி செதுக்கிய அளவு மாறாமல் வரும்.

பழையது வாங்குவதாக இருந்தால்

புதிதாக வரும் கேமராக்கள் பெரும்பாலும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை. அதனால் கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் கைமாறிக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள அவை தாராளமாகப் போதும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள், தொடக்கநிலைக் கேமராக்களில் ஒரு லட்சத்தை நெருங்கியிருந்தால் தவிர்ப்பது நல்லது. லென்ஸுக்குள் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், சிலந்திவலை போலத் தெரிந்தால் பூஞ்சை. நிக்கானின் விலை குறைந்த டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைப் பொருத்தினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நம் ஊர் மழைக்காலத்துக்கு அது அவசியம்.

போகுமிடத்தில்

மண்டகப்பட்டும் செஞ்சிக் கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. முக்காலி, டிரோன் இரண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பனமலைக் கோயிலில் எஞ்சியிருக்கும் பல்லவர் கால ஓவியம் போன்றவற்றின் முன் ஃபிளாஷ் போடவே கூடாது. ராஜகிரியில் குரங்குகள் அதிகம், தின்பண்டத்தைக் கேமராப் பையில் வைக்காதீர்கள்.

ஆக, வாங்கும் வரிசை இது: கிட் லென்ஸோடு ஓர் ஏபிஎஸ்-சி கேமரா, பிறகு எஃப் 1.8 லென்ஸ், கடைசியாகத் தொலைவு லென்ஸ். ஒவ்வொன்றுக்கும் இடையில் சில மாதங்களாவது விடுங்கள். கையிலிருப்பதால் எடுக்க முடியாத படம் எது என்று உங்களுக்கே தெரிந்த பிறகு அடுத்ததை வாங்குங்கள்.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இனி கோட்டையைப் படம் எடுப்பவர்கள் கூடுவார்கள். மண்டகப்பட்டு போன்ற சிறு கோயில்களுக்கு அந்தப் பகுதியில் வாழ்பவர்களின் கேமராதான் துணை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து சேர்த்துவைத்த கோயில் படங்கள் இன்று ஆய்வாளர்களுக்குப் பயன்படுவதற்குக் காரணம், அவற்றில் ஊரும் நாளும் குறிக்கப்பட்டிருப்பதும்தான். நீங்களும் ஒவ்வொரு படத்துக்கும் ஊர், கோயில், சிற்பம் இருக்கும் இடம், தேதி நான்கையும் எழுதி வையுங்கள். இதற்குத் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை, முதல் படத்திலிருந்தே தொடங்கலாம்.