தமிழ்த் திரைப்படங்களில் இருமுனையப் பிறழ்வும் மனச்சோர்வும்

இருமுனையப் பிறழ்வு, மனச்சோர்வு ஆகிய உளநோய்களைத் தமிழ்த் திரைப்படங்கள் காட்டும் விதம், அந்நோய்கள் பற்றிய பொதுமக்களின் புரிதலில் செல்வாக்குச் செலுத்துகின்றது. உளநல மருத்துவரைக் கண்டிராத பலர் இந்நோய்களின் பெயரைத் திரைப்படம் வாயிலாகவே அறிகின்றனர்.

பின்னணி

ஆளவந்தான் (2001), அந்நியன் (2005), சந்திரமுகி (2005) ஆகிய படங்களில் உளநோய் கதையின் மர்மமாகவும் வன்முறையின் காரணமாகவும் அமைந்தது. மனநிலை சட்டென மாறுபவரை "அந்நியன்" எனக் கேலி செய்யும் வழக்கமும் தோன்றியது. பிளவாளுமையும் இருமுனையப் பிறழ்வும் ஒன்றே என்ற குழப்பம் இத்தகைய பேச்சால் வலுப்பெறுகின்றது.

"3" திரைப்படம்

ஐஸ்வர்யா ரஜினிகாந்த் இயக்கிய "3" (2012) படத்தில் தனுஷ் ஏற்ற ராம் என்னும் பாத்திரம் இருமுனையப் பிறழ்வு உடையது. நோயின் பெயர் படத்தில் வெளிப்படையாகக் கூறப்பட்டதால் அது பரவலாக அறிமுகமானது. எனினும் ராம் நோயை மனைவியிடம் மறைக்கிறான். மாயக்காட்சிகளும் வன்முறையும் மிகுந்து, இறுதியில் தற்கொலை செய்துகொள்கிறான். சிகிச்சையால் நலமடைதல் கதையில் இடம்பெறவில்லை.

மருத்துவ நோக்கு

இருமுனையப் பிறழ்வில் மிகையெழுச்சி நிலை பொதுவாக ஒரு வாரமேனும் நீடிக்கும். மனச்சோர்வு நிலை இரு வாரங்களேனும் நீடிக்கும். நொடிப்பொழுதில் ஆள் மாறுவது இந்நோயன்று. மாயக்காட்சிகள் கடுமையான நிலையில் சிலருக்கே தோன்றுகின்றன. உளநோய் உடையவர்களுள் பெரும்பாலோர் வன்முறையில் ஈடுபடுவதில்லை. லித்தியம் முதலிய மருந்துகளாலும் உளவளத்துணையாலும் பலர் பணிக்கும் இல்வாழ்வுக்கும் திரும்புகின்றனர்.

மனச்சோர்வுச் சித்தரிப்பு

தூக்கமின்மை, களைப்பு, எதிலும் ஆர்வமின்மை போன்ற அறிகுறிகள் காட்சிக்கு எளிதில் வயப்படாதவை. எனவே தேவதாஸ் (1953) முதல் தாடியும் மதுவும் கொண்ட காதல் தோல்வியே திரையில் துயரத்தின் அடையாளமாயிற்று. காதல் தோல்வி ஏதுமின்றிச் சோர்ந்திருக்கும் இல்லத்தரசியோ முதியவரோ நோயுற்றவராக வீட்டாருக்குத் தோன்றாமல் போகலாம்.

விளைவும் நடவடிக்கைகளும்

2015-16 இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய உளநல ஆய்வின்படி, வெவ்வேறு உளநோய்களில் சிகிச்சை பெறாதோர் 70 முதல் 92 விழுக்காடு ஆவர். வசதிக் குறைவுடன் அவப்பெயர் குறித்த அச்சமும் இதற்குக் காரணமாகும். உளநலப் பராமரிப்புச் சட்டம், 2017 ஊடகங்கள் வழி விழிப்புணர்வு ஏற்படுத்துவதை அரசின் கடமையாக்கியது. சிகிச்சை பெறுபவரின் ஒளிப்படத்தை அவரது இசைவின்றி ஊடகங்களுக்கு வெளியிடுவதையும் தடை செய்தது. 1984 இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் நிறுவனம் உளநலம் குறித்த திரைப்பட விழாக்களை நடத்தியுள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் (14416) சேவையில் உளநல ஆலோசனையைத் தொலைபேசி வழியே கட்டணமின்றிப் பெறலாம்.