இசட் டிரைவ் எங்கே போனது?

விண்டோஸ் எக்ஸ்பி இருந்தவரை ஒழுங்காக ஓடிய லாகின் ஸ்கிரிப்ட். ‘நெட் யூஸ்’ என்று தொடங்கும் ஒற்றை வரி, சர்வரில் உள்ள ஃபோல்டரை இசட் டிரைவாகக் காட்டும். விண்டோஸ் 7-க்கு மாறியதும் அந்த டிரைவைக் காணோம். ஸ்கிரிப்ட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. ஏன்?

2007-இல் விஸ்டாவோடு யூஏசி (யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்) வந்து சேர்ந்தது. அதன்பிறகு, அட்மின் உரிமை உள்ளவர் லாகின் செய்தால் விண்டோஸ் அவருக்கு இரண்டு டோக்கன்கள் தருகிறது. ஒன்றில் முழு அதிகாரம். மற்றதில் அது குறைக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் தனித்தனி செஷன். டிரைவ் எழுத்து ஆளுக்குச் சொந்தமல்ல, செஷனுக்கே சொந்தம். குரூப் பாலிசி வழியாக வரும் ஸ்கிரிப்ட் முழு அதிகார செஷனில் ஓடி டிரைவை இணைத்துவிடுகிறது. எக்ஸ்ப்ளோரரோ மற்ற செஷனில் திறக்கிறது. பிறகு எப்படித் தெரியும்?

கமாண்ட் பிராம்ப்ட்டைச் சாதாரணமாக ஒருமுறையும், ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்து ஒருமுறையும் திறந்து, இரண்டிலும் வெறும் ‘நெட் யூஸ்’ என்று அடித்துப் பாருங்கள். பின்னதில் மட்டும் இசட் தெரிந்தால் சிக்கல் இதுதான். ரெஜிஸ்ட்ரியில் ‘எனேபிள்லிங்க்டுகனெக்‌ஷன்ஸ்’ மதிப்பை 1 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் இரு செஷன்களும் இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் அன்றாட வேலைக்கு அட்மின் கணக்கு எதற்கு? சாதாரணக் கணக்கில் இந்தத் தலைவலியே கிடையாது.

விண்டோஸ் 8.1-இல் கூத்து வேறு. ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்று நினைத்து நாம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, 5 நிமிடம் கழித்து டிரைவ் தானாக முளைக்கும். லாகின் சீக்கிரம் முடியட்டும் என்று மைக்ரோசாஃப்ட் வைத்த தாமதம் அது. குரூப் பாலிசியில் ‘லாகான் ஸ்கிரிப்ட் டிலே’ என்பதை 0 ஆக்கிவிட்டால் போதும்.