பழைய செயின்சா வாங்கும் முன்...

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயலில் டெல்டாத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. தேங்காய் மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள், விழுந்த மரங்களைப் பலகையாக்கி, குடோனில் மூட்டை அடுக்கப் பயன்படுத்த எண்ணினோம். புது மெஷினுக்குக் கையில் பணமில்லை. மலிவாகக் கிடைத்ததென்று 40 சி.சி.க்கும் குறைந்த பழைய செயின்சா ஒன்றை வாங்கினோம். நான்காவது மரத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொண்டது. போட்ட முதலும் போயிற்று. பட்டுத் தெரிந்துகொண்டதை வியாபாரி நண்பர்களுக்குச் சொல்கிறோம்.

மரத்தைக் குறுக்கே துண்டு போடுவது வேறு, நீளவாக்கில் பலகை அறுப்பது வேறு. பலகை அறுக்கும்போது இன்ஜின் நிமிடக்கணக்கில் முழு வேகத்தில் உழைக்கிறது. 60 சி.சி.க்குக் குறையாமல் பாருங்கள். பெருமரத்துக்கு 70-க்கு மேல் வேண்டும்.

சைலன்சரைக் கழற்றச் சொல்லி உள்ளே பிஸ்டனைப் பாருங்கள். நெடுக்குக் கீறல் இருந்தால் வேண்டாம். ஸ்டார்ட்டர் கயிற்றில் மெஷினைத் தொங்கவிட்டால் சரசரவென்று இறங்கக்கூடாது. இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. விற்பவர் முன்னமே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறவைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செயின் பிரேக் பிடிப்பது அவசியம். அது உயிர்ப் பிரச்சினை. உதிரிப்பாகம் உள்ளூரில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

தென்னையின் வெளிப்பகுதி கடினமானது. பற்கள் விரைவில் மழுங்கும். அரத்துக்கும் இன்னொரு செயினுக்கும் சேர்த்தே விலை போடுங்கள்.

இப்படிப் பார்த்து வாங்கிய 70 சி.சி. மெஷின் எங்கள் பலகைகளை அறுத்து முடித்தது. புளி வாங்கினாலும் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கும் நாம், மெஷினுக்கு மட்டும் வாய்ச்சொல்லை நம்பலாமா?