வெறுஞ்சால்

எங்கள் தாத்தா கமலை இறைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஊர் தேரிக்காட்டு ஓரம். அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. விடிவதற்குள் இரண்டு காளைகளையும் பூட்டிக் கிணற்றடிக்குப் பின்னோக்கி நடத்துவார். சால் தொப்பென்று தண்ணீரில் விழும். நிறைந்ததும் வடத்தின் மேல் தாவி உட்கார்ந்து மாடுகளைச் சரிவில் இறக்குவார். உருளை கிறீச்சிட்டுக்கொண்டே சாலைத் தூக்கிவரும். தண்ணீர் தோல்தும்பி வழியாகத் தொட்டியில் கொட்டும். மறுபடியும் மாடுகள் பின்னால் போக வேண்டும். நாலு பாத்தி வாழை நனைவதற்குள் வெயில் ஏறிவிடும். நானும் வடத்தில் தொற்றப் போனால், “ஏட்டி, விழுந்து தொலைக்காத” என்று அதட்டுவார்.

பிறகு பம்புசெட்டு வந்தது. கமலையை நானும் மறந்துபோனேன். அறுபது வயதுக்குப் பக்கத்தில், ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி ஒருவர் ஜெபத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் கிணறும் வாளியும் வாய்க்காலுமாக அது திரும்பி வந்தது.

நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. வீட்டில் ராத்திரி ஏழரைக்குக் குடும்ப ஜெபம். பாயை விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, ஆளுக்கு நாலு வசனம் வேதம் வாசித்து, அப்பா ஜெபம் பண்ணுவார். ஊர், நாடு, மழை, நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், வெளியூர் போன சொந்தக்காரர்கள் என்று ஒருவரையும் விடமாட்டார். சபைப் போதகர் ஐயர் வீட்டுக்கு வந்துவிட்டால் அது இன்னும் நீளும். பரமண்டல ஜெபம் சொல்லும்போது தம்பி தூங்கி விழுந்திருப்பான். ஜெபம் எங்களுக்குக் குளிப்பது மாதிரி, சாப்பிடுவது மாதிரி. அதில் ‘அனுபவம்’ இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

அம்மா மூன்று வருஷம் படுக்கையில் கிடந்து போனார்கள். அந்த மூன்று வருஷமும் நான் ஜெபித்தேன். அடக்கம் முடிந்து, எட்டூர்ச் சொந்தமும் கிளம்பிய பிறகு, ஒருநாள் காலை நாலரைக்கு எழுந்து அம்மாவின் கட்டிலருகே வழக்கம்போல் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. கோபமும் இல்லை, இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அடுத்த நாளும் அப்படித்தான். யாருக்காகவெல்லாம் ஜெபிக்க வேண்டும் என்று பெயர்கள் எழுதிய நோட்டு ஒன்று வைத்திருந்தேன். அதை எடுத்து வாசித்தேன். மளிகைச் சீட்டு வாசித்த மாதிரி இருந்தது.

ஜெபக்கூட்டத்தில் சொன்னால், “விசுவாசம் குறைஞ்சுபோச்சு டீச்சர்” என்றார்கள். இத்தனை நாள் உபவாசம், இத்தனை மணி நேரம் முழங்கால் என்று கணக்குக் கொடுத்தவர்களும் உண்டு. அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. கடவுளிடம் போய் வட்டிக்கடையில் நிற்பதுபோல் நிற்க முடியாது.

என்னோடு வேலை பார்த்த ஆர்.சி. டீச்சர்தான், “எங்க தெரேசாவைப் படிச்சுப் பாருங்க” என்று ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். “அன்னை தெரேசாவா?” என்றேன். “இல்ல டீச்சர், இவங்க அவங்களுக்கு ஏறக்குறைய 400 வருஷம் முந்தினவங்க.” புனிதர்கள் விஷயத்தில் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் ஒதுங்கிப்போகிற பழக்கம் உண்டு. நானும் இரண்டு மாதம் பிரிக்காமல்தான் வைத்திருந்தேன்.

அவிலா தெரேசா 1515-இல் பிறந்தவர். 20 வயதில், அவிலா நகரிலுள்ள கார்மேல் மடத்தில் சேர்ந்தார். நாலே வருஷத்தில் பெரிய நோய். நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தார். குழி வெட்டிவிட்டார்கள், கண்ணிமைமேல் மெழுகுகூட வைத்துவிட்டார்கள். பிழைத்தார். ஆனால் உடம்பு முடங்கி, எழுந்து நடமாட ஏறக்குறைய மூன்று வருஷமானது. இப்படிப்பட்டவர் ஜெபத்தில் மூழ்கித் திளைத்திருப்பார் என்றுதானே நினைப்போம்? அவரே எழுதுகிறார்: ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஜெப அறைக்குள் காலெடுத்து வைக்கவே மனசு கனக்குமாம். கையில் ஒரு புத்தகம் இல்லாமல் ஜெபத்துக்கு உட்காரப் பயந்தாராம். இது 18 வருஷம். அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். அம்மா போனபிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜெபத்தில் பேசாமல் கடவுளோடு இருப்பது எப்படி என்று தெரேசாதான் தன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார், புத்தகங்கள் கொடுத்தார். அப்பா அதில் ஊன்றிவிட்டார். மகளோ, இத்தனை குறைகளை வைத்துக்கொண்டு கடவுள் முன்னால் எந்த முகத்தோடு போய் உட்காருவது என்று நினைத்து, தனியாக ஜெபிப்பதையே ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டார். அப்பாவிடம் உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னார். அவரும் நம்பினார். ஆனால் மடத்துக்கு வந்தால் முன்போல் நெடுநேரம் உட்கார்ந்து பேசாமல், பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவாராம். வெறும் பேச்சில் பொழுது போக்குவது அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது. 1543-இல் அப்பா இறந்தபின், அவருடைய ஆன்ம குருவிடம் தெரேசா மனம்விட்டுப் பேசினார். அந்தக் குருதான் அவரை மறுபடி ஜெபத்தில் உட்காரவைத்தார். தான் செய்ததிலேயே பெரிய தப்பு ஜெபத்தை விட்டதுதான் என்று தெரேசா பிற்பாடு எழுதினார். தாழ்மை என்று நினைத்தது தாழ்மையே இல்லை என்றும் சொல்கிறார். இந்த இடம் என்னைச் சுட்டது.

இனி கிணற்றுக்கு வருகிறேன். தெரேசா தன் வாழ்க்கை வரலாற்றில் மனதை ஒரு தோட்டம் என்கிறார். தோட்டம் கடவுளுடையது. களை பிடுங்கிச் செடி நட்டவரும் அவர்தான். தண்ணீர் விடுவதுதான் நம் வேலை. தண்ணீர் நாலு விதமாக வரும். முதலில், கிணற்றிலிருந்து வாளியால் கையிறைப்பு. கைதான் வலிக்கும், தண்ணீர் கொஞ்சம்தான். அடுத்து, கலயங்கள் கட்டிய சக்கரத்தைச் சுற்றி இறைப்பது. அந்த நாட்டு இறைவை அது. நம் கமலையைப் போல் குறைந்த பாட்டில் நிறையத் தண்ணீர் தரும். மூன்றாவது, ஆற்றுநீரோ ஓடைநீரோ. மடையைத் திருப்பிவிட்டால் போதும். நாலாவது மழை. அதற்கு நாம் செய்ய ஒன்றுமே இல்லை.

ஜெபத்தின் உயர்ந்த நிலைகளைப் பற்றி அவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். மூன்றாவதும் நாலாவதும் எனக்குப் புரிந்தது என்று சொன்னால் அது பொய். நான் நின்றது முதல் தண்ணீரில்தான். அங்கே அவர் கேட்கிற கேள்வி: பல நாள் வாளியை இறக்கியும் வெறும் வாளியே மேலே வந்தால் தோட்டக்காரன் என்ன செய்வான்? இறக்கிக்கொண்டே இருப்பான், சந்தோஷமாகவே. தோட்டம் தன்னுடையதில்லை, எஜமானுக்காகத்தானே வேலை செய்கிறோம் என்று. தண்ணீர் இல்லாமலும் செடியை வாடாமல் வைத்திருக்க அந்த எஜமானுக்குத் தெரியும்.

சித்திரை, வைகாசியில் எங்கள் கிணறு வற்றும். நாலு சால் இறைத்ததும் ஐந்தாவது சால் சேறோடு வரும். தாத்தா மாட்டை அவிழ்க்க மாட்டார். தொட்டிக்கட்டில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டு, “ஊறட்டும்” என்பார். அரைமணி நேரம் கழித்து மறுபடி. அவர் உட்கார்ந்திருந்த அந்த நேரமும் இறைப்பில் சேர்ந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஜெபத்தில் நெருக்கம் என்றால் கண்ணீரோ சிலிர்ப்போ என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெரேசாவுக்கு அது, நம்மை நேசிக்கிறார் என்று தெரிந்த ஒருவரோடு அடிக்கடி தனியாக இருப்பது. துறவியாகும் முன்பிருந்தே ராத்திரி படுக்கப்போகும்போது, கெத்செமனே தோட்டத்தில் தனியாக இருந்த இயேசுவை நினைத்து அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருப்பாராம். கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் சும்மா இருப்பது. அம்மாவின் கடைசி மாதங்களில் நானும் அந்தக் கட்டிலருகே அப்படித்தான் இருந்தேன். அம்மாவுக்குப் பேச்சு வராது. நெருக்கம் இல்லையென்றா அர்த்தம்?

தெரேசாவின் அந்தப் புத்தகம் அவர் இறந்த பிறகு 1588-இல்தான் அச்சானது. 1970-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தது. அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். அனுபவத்தைத் தேடாதீர்கள், பிறர்மேல் அன்பு கூடுகிறதா என்று பாருங்கள் என்று தன் சகோதரிகளுக்கு ஓயாமல் சொன்னவர்.

அதுதான் எனக்குச் சிக்கல். நோட்டில் ஒரு பெயரை அடித்துவைத்திருந்தேன். அம்மாவின் நிலம் விஷயமாகப் பேசிக் குடும்பத்தைவிட்டு விலகிப்போன ஓர் உறவு, அடக்கத்துக்கும் வரவில்லை. அன்றாடம் நாலரைக்கு இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்து, மணியைப் பார்த்து, கொட்டாவி விட்டு எழுந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு காலை அந்த அடித்த கோட்டுக்கு மேலேயே பெயரைத் திரும்ப எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது.

இன்னும் போன் பண்ணவில்லை.